கீரி வாங்கிய கீபோர்டு

காட்டு அலுவலகத்தில் மனுக்களைத் தட்டச்சு செய்வது கீரிக்கும் ஆமைக்கும் வேலை. பழைய கீபோர்டுகள் தேய்ந்துபோனதால் இரண்டும் விலை குறைந்த மெக்கானிக்கல் கீபோர்டு ஆளுக்கொன்று வாங்கின. எழுத்துகளுக்கு அடியில் இருக்கும் சுவிட்சுகளை அதில் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

ஆமை சத்தமே வராத சுவிட்சுகளைப் போட்டுக்கொண்டது. கீரியோ, கடையில் இருந்ததிலேயே அதிகமாகச் சத்தம் போடும் சுவிட்சுகளாகப் பார்த்துப் பொருத்தியது.

"உனக்குக் காது வலிக்காதா?" என்று ஆமை கேட்டது.

"எனக்காகவா போடுறேன்? உள்ளே உட்கார்ந்திருக்கிற மேலாளருக்குக் கேட்கணும்ல!"

கீரி நினைத்தபடியே நடந்தது. மேலாளரான எருமை, "கீரியைப் பார், எப்படி உழைக்குது! நீயும் இருக்கியே" என்று ஆமையைத் திட்டியது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கிய இரண்டும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டன. தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றதும், என்னவோ ஏதோ என்று எருமை வெளியே ஓடி வந்தது. நேராகக் கீரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றது.

"என்னப்பா, தூக்கமா?"

அந்த அதட்டலில் ஆமைக்கும் விழிப்பு வந்தது. அது ஓசையில்லாமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தது.