பத்து மணி மோட்டார்

"சாவி கையில இருந்தா மகாராஜான்னு நினைப்பா உங்களுக்கு?"

மூன்றாம் மாடி நர்ஸ் போட்ட சத்தத்தில், கூட்டத்துக்காக மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் நிமிர்ந்தார்கள்.

அவள் கேட்டது கீழ்வீட்டுப் பெரியவரை. அந்தப் பழைய கட்டடத்தில் முப்பது வருஷமாக மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர்தான். எல்லோருக்கும் மோட்டார் மாமா.

"ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில நின்னுட்டு வந்து ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். ரெண்டு மணிக்கு எழுந்து குழாயைத் திறந்தா வெறும் காத்து! அதுக்கப்புறம்தான் ஐயா ஆடி அசைஞ்சு வந்து மோட்டாரைப் போடுறார்."

"எங்க வீட்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் முதல் மாடி தையல்காரர். "பதினோரு மணிக்கே தண்ணி தீர்ந்துடுது. ஏன் மாமா, காலையிலேயே சுவிட்சைத் தட்டினா விரல் தேஞ்சா போயிடும்?"

"மத்தியானம்தான் எனக்குச் சௌகரியம்" என்றார் மாமா.

"உங்க சௌகரியத்துக்கு நாங்க காயணுமா? முடியலைன்னா ஒதுங்கிக்கணும். கொடுங்க சாவியை!"

நர்ஸ் கையை நீட்டியபடியே நின்றாள். யாரும் தடுக்கவில்லை. மாமா சட்டைப்பையிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்தார். ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் அதைத் தையல்காரரிடம் நீட்டினாள். "நாளையிலேர்ந்து டாண்ணு பத்து மணிக்குப் போட்டுடுங்கண்ணே."

மறுநாள் அவள் படுத்துக் கண் அசந்த நேரம், தலைமாட்டுச் சுவர் தடதடவென்று அதிர்ந்தது. கட்டிலே ஆடியது. மத்தியானம் சமையலறையில் நிற்கும்போது கேட்டும் கேட்காமலும் போகிற சத்தம், இப்போது மண்டைக்குள்ளேயே இறங்கியது. தலையணையால் காதைப் பொத்தினாள். போர்வையைச் சுருட்டி அமுக்கினாள். முடியவில்லை.

ஆத்திரத்தோடு கீழே ஓடினாள்.

"நிறுத்துங்கண்ணே! என் சுவரு இடியுது!"

"அது அப்படித்தாம்மா" என்றார் தையல்காரர். "மேல தொட்டி கட்டினப்போ வேற வழியில்லாம உன் படுக்கையறைச் சுவருக்குள்ளதான் பைப்பை விட்டாங்க. தொட்டி நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். நீதானே பத்து மணின்னு சொன்னே?"

அவள் நேரே போய் மாமா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர் மனைவி பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"அத்தை... மாமா இருக்காரா?"

"தூக்கம் போச்சா?" அத்தையின் குரல் நெருப்பாக வந்தது. "இந்தக் கட்டடத்துல மோட்டார் போடுற நேரம் முன்னெல்லாம் பத்து மணிதான்டி. மூணு வருஷத்துக்கு முன்னால நீ குடிவந்த வாரம் அதை ரெண்டு மணிக்கு மாத்தினார். அன்னியிலேர்ந்து வாங்காத பேச்சு இல்ல. 'காரணத்தைச் சொன்னா எல்லா வீடும் சேர்ந்து அந்தப் பொண்ணு மேல பாயும், நீ பேசாம இரு'ன்னு என் வாயையும் சேர்த்து அடைச்சுட்டார் மனுஷன்!"