ஆயிரம் மடங்கு

கலைமதி மூச்சிரைக்க ஒரகடம் மருந்துக்கடைக்கு ஓடிவந்தாள்.

“அண்ணே, என் தைராய்டு மாத்திரை புள்ளி ஒண்ணு மில்லிகிராம். பொடவைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்த அட்டையை யாரோ மாத்திட்டாங்க. இதுல நூறுன்னு போட்டிருக்கு. பாக்காம காலையில ஒண்ணு முழுங்கிட்டேன்!”

கடைக்காரர் ஜெபகுமார் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது நூறு மைக்ரோகிராம்மா. ஆயிரம் மைக்ரோ சேர்ந்தாதான் ஒரு மில்லி. கம்பெனிதான் வேற, அளவு அதேதான். பயப்படாத.”

கலைமதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எனக்கு தைராய்டு இருக்கறதே மாமியார் வூட்டுல தெரியாதுண்ணே. எப்படியோ தெரிஞ்சுபோயி, மாமியார்தான் ஏதோ பண்ணிட்டாங்கன்னு நெனச்சுட்டேன்.”

“அவங்கதான் பண்ணாங்க” என்று சிரித்தார் ஜெபகுமார். “தீரப்போற அட்டையைக் காட்டி நேத்து வாங்கினு போனாங்க. ‘மருமவ தானா சொல்றவரைக்கும் எனக்கு எதுவும் தெரியாதுப்பா’ன்னாங்க.”