சீமைக்கு வேண்டாத தங்கம்

1932-ம் வருஷம், பங்குனி மாதம். வயலுக்குத் தீர்வை கட்ட வழியில்லாமல், மேலகரத்துத் தங்கத்தாய் தன் காதுப் பாம்படத்தைக் கழற்றிக்கொண்டு தென்காசியில் நல்லகண்ணுவின் நகைக்கடைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள், அவரவர் நகையோடு.

"லண்டன் பாங்குக்காரனே தங்கம் வேண்டாம்னு கையைக் கழுவிட்டான் தாயி. இனிமே இதுக்கு ஏது மதிப்பு? தெரிஞ்ச முகமாச்சேன்னு பவுனுக்குப் பன்னெண்டு ரூபா தாரேன்" என்றார் நல்லகண்ணு, பாம்படத்தைத் தராசில் வைத்தபடி.

தங்கத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டப் போனாள்.

"குடுக்காதீங்க அக்கா!" வாசலில் ஒரு குரல் சீறியது. "வேண்டாத தங்கத்தையா பம்பாயிலேருந்து கப்பல் கப்பலா சீமைக்கு ஏத்துதான்? அங்கன பவுன் பதினெட்டுக்கு மேல போவுது!"

வந்தவள், தங்கத்தாய் முன்பின் பார்த்திராத பெண்.

"ஏட்டி, இங்கன உனக்கு என்ன சோலி? போ!" என்று எழுந்தார் நல்லகண்ணு.

"போவ மாட்டேன். ஏழைபாழைக வயித்துல அடிக்கதும் ஒரு யாவாரமா?"

"இவ பேச்சை நம்பாதீங்கம்மா. பம்பாய் விலை இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார் அவர்.

"காலையில சாப்பிடும்போது நீங்கதானே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீய!" என்றவள், தங்கத்தாய் பக்கம் திரும்பினாள். "நான் இவுக பொஞ்சாதிதான் அக்கா. நகையை எடுங்க."

தங்கத்தாய் பாம்படத்தைத் தராசிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள்.

"பதினெட்டுன்னா தாரேன் அண்ணாச்சி. இல்லேன்னா அடுத்த கடைக்குப் போறேன்."

பின்னால் நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். நல்லகண்ணு பெண்டாட்டியை முறைத்துக்கொண்டே பணப்பெட்டியைத் திறந்தார்.