வெள்ளை வந்தால் லேப்டாப்

"ஏனுங்க, இந்தத் தடவையும் பொறு பொறுன்னீங்கன்னா, திருப்பூர்க்காரங்களுக்கு முடியாதுன்னு போன் பண்ணிப்போடறேனுங்க."

சண்முகப்பிரியா இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடக் கதிர்வேல் சமாளித்திருப்பான். நிதானமாகச் சொன்னதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

திரைமேலேயே பேனாவால் வரைகிற லேப்டாப் அது. அவள் கேட்டு ஒரு வருஷம் ஓடிவிட்டது. குழந்தைகள் துணிக்குப் படம் வரைந்து கொடுக்க, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அவளை இப்போது கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை. ஆனால் அந்த லேப்டாப் சொந்தமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வாங்காதே என்று கதிர்வேல் ஒருநாளும் சொன்னதில்லை. ஆடித் தள்ளுபடி வரட்டும் என்றான். ஆடி வந்ததும், தீபாவளிக்குப் புது மாடல் வருகிறதாம் என்றான். தீபாவளி வந்ததும், பழைய மாடல் விலை இறங்கட்டும் என்றான். அந்த லேப்டாப்பைப் பற்றி யூடியூபில் அவன் பார்க்காத வீடியோ பாக்கியில்லை. வாங்குவதைத் தவிர மற்ற எல்லாம் செய்தான்.

உண்மையில் அவனுக்குப் பயம். லேப்டாப் வந்தால் அவள் இப்போது பார்க்கிற ஆபீஸ் வேலையை விட்டுவிடுவாள். புது வேலை நிலைக்காவிட்டால் என்ன செய்வது?

"நான் எப்பப் பிரியா வேண்டாம்னேன்? அம்மன் கோயில்ல பூக் கேட்டுப் பாத்தர்லாம். வெள்ளை வந்தா நாளைக்கே கோயமுத்தூர் போயி வாங்கிப்போடலாம். செவப்பு வந்தா உட்றோணும்."

"வெள்ளை வந்தா அப்புறம் சாக்குச் சொல்ல மாட்டீங்களே?"

"சாமி விஷயத்துல சாக்குச் சொல்லுவனா?"

"சரீங்க. செவப்பு வந்தா நானும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேனுங்க."

அரளி பறித்து, இரண்டு காகிதப் பொட்டலமாக மடித்து, வாழை நாரால் கட்டியது கதிர்வேல்தான். அன்று சாயங்காலமே இருவரும் அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்க் கோயிலுக்குப் போனார்கள்.

பூசாரி திருமலைசாமி பொட்டலங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தார்.

"ஒண்ணை எடுங்க, அம்மணி."

பிரியா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நாரை அவிழ்த்தாள்.

வெள்ளை அரளி.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்குப் போலாந்தானுங்க?"

கதிர்வேல் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். "ம்... காலையிலயே போலாம்" என்றான் ஒருவழியாக.

அவள் சந்தோஷமாகப் பிரகாரம் சுற்றப் போனாள். பூசாரி அவன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிரிச்சுப் பாக்காம எதையும் ஆத்தா முன்னால வெக்கற பழக்கம் எனக்கில்லீங்க, தம்பி. நீங்க கட்டியாந்த ரெண்டுலயும் செவப்புதான் இருந்துச்சு. ஒண்ணை மட்டுந்தான் நான் மாத்துனேன். அதையே எடுக்க வெச்சது ஆத்தா."