பதினோராவது பொருத்தம்

சடையாண்டியின் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஜோசியரோடு, புதுச் சட்டப்படி இரு வீட்டுக் கிருமிப் பொருத்தம் பார்க்கக் கிருமி அதிகாரியும் வந்திருந்தார். ஜோசியர் பத்துப் பொருத்தமும் சரி என்றார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க இலுப்பை மரத்து வௌவாலும் மாப்பிள்ளை வீட்டுப் பன்னியும் ஒத்துவராது, ரெண்டோட கிருமியும் கலந்தா ஊருக்கே கொள்ளைநோய். கல்யாணம் பண்ணலாம். ஆனா அப்புறம் பொண்ணு இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது."

"வௌவாலை வெரட்டிர்றேன்."

"அது குத்தம். வௌவால் எடம் மாறாது பெரியவரே, பொண்ணுதான் மாறும்."

மெத்தப் படித்தவன் போட்ட சட்டம் வேறெப்படி இருக்கும் என்று சடையாண்டி முணுமுணுத்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ முகமெல்லாம் பல்.

"பொறந்த வீட்டுக்கே வரமாட்டாளா? இதவிடப் பொருத்தம் வேற என்ன வேணும்? தேதி குறிங்க!"

சடையாண்டி தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்திரிங்கம்மா. எங்க வௌவாலுக்கு உங்களப் புடிக்கல."