சுண்டுவிரல்

தலையணை அவள் முகத்தின் மேல் இறங்கியதும், தட்டி மறைவில் நின்றிருந்த வில்லன் திரைக்கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாடகத்தில்தான் வில்லன். குழுவில் எல்லாருக்கும் அவர் அண்ணன்.

சந்தேகம் தலைக்கேறிய கணவன் பெண்டாட்டியைக் கொல்லும் இந்தக் கட்டத்தில் அவருக்கு மேடையில் வேலை கிடையாது. அதனால் நாயகியின் சுண்டுவிரலைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

கட்டிலுக்கு வெளியே அவள் இடது கை தொங்கும். தலையணைக்கு அடியில் மூச்சு வருகிறவரை சுண்டுவிரலை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஆட்டம் நின்றால் திரையை இறக்கிவிட வேண்டும். அண்ணன் கையில் கயிறு இருந்தால்தான் நான் நிம்மதியாகச் சாவேன் என்று சிரிப்பாள்.

கணவனாக நடிப்பவன் அவளுடைய சொந்தக் கணவன்தான். போன வருஷம் வரை அது அண்ணன் போட்ட வேஷம். வயசாகிவிட்டதாம்! மாற்றிவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்த முகமாய்த் தலையாட்டினார். வயிற்றெரிச்சல் மட்டும் இன்றுவரை அடங்கவில்லை.

இன்று பகல் காட்சிக்கு முன்னால், ஒப்பனை போட்டுக்கொண்டிருந்தவன் காதில் ஒரு சேதியைப் போட்டுவைத்தார். உன் பெண்டாட்டி கழற்றிவைத்த தோட்டில் ஒன்று, தளபதி வேஷம் போடுகிறானே அவன் அறையில் கிடக்கிறது.

அவ்வளவுதான். பயல் மேடையில் தடுமாறட்டும், வசனத்தை மென்று விழுங்கட்டும், வேஷம் தன்னிடமே திரும்பட்டும் என்றுதான்.

அவன் புருவத்தை நிதானமாக வரைந்து முடித்தான்.

இப்போது தலையணை அழுந்திக்கொண்டே போகிறது. ஐயோ, என்றைக்கும் இவ்வளவு நேரம் ஆகாதே!

விரல் நின்றுவிட்டது.

இழு, பாவி, இழு என்றது மனசு. கை மரத்துப்போயிருந்தது.

விரல் ஆடியது.

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தடுமாற்றமாவது ஒன்றாவது, அவன் இதுவரை இப்படி நடித்ததே இல்லை.

காட்சி முடிந்து, ஒப்பனை அறையில் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அங்க நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்கல்ல, அதான் ஒழுங்கா நடிச்சேன். வீட்டுக்குக் கிளம்புறோம்ணே."

வீட்டில் பார்க்க யாரும் இல்லை என்பது அண்ணனுக்கு உறைத்தது. பொய்டா, சும்மா சொன்னேன் என்றால் தீர்ந்தது. யாராவது வசனமாக எழுதிக் கொடுத்திருந்தால் ஊரையே அழவைத்திருப்பார். சொந்தமாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்தவள் வெறும் காதைத் தடவிக்கொண்டாள்.

"என் தோடு ஒண்ணக் காணோம்ணே. கண்ணுல பட்டா எடுத்து வைங்க."

முன்னால் இருந்தவன் கண்ணாடி வழியே அண்ணனையே பார்த்தான்.

"சரிம்மா" என்றார் அண்ணன்.

பைக் கிளம்பியது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் செய்கிற வேடிக்கையாக, அவள் இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலை ஆட்டிக் காட்டினாள். இன்னும் உசுரோடதான் இருக்கேன் என்று அதற்கு அர்த்தம்.

பைக் தெருமுனையில் திரும்பியது. விரல் தெரியவில்லை.

சட்டைப் பைக்குள் இருந்த தோட்டின் திருகு அண்ணன் நெஞ்சில் குத்தியது. அவருடைய இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து, அங்கே இல்லாத கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தன.