பஞ்சுப் புகை

ஒரு புகை இரண்டாயிரம் என்றேன்.

பல் டாக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. எங்கள் மெத்தைக் கடையில் சொன்ன விலைக்கு ஒருவர் உடனே சரி என்றால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று வயிறு எரியும்.

"விக்கிறதுக்கு இல்ல டாக்டர். சும்மா சொல்லிப் பாத்தேன்."

விலை சொல்லாமல் ஒரு பொருளைக் காட்ட எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

மேசை மேல் விரித்த நீலத் துணிதான் கடல். அதற்கு மேலே, கம்பித் தண்டுகளில், உள்ளங்கை அகல விமானங்கள். பகடை உருட்டிச் சுட வேண்டும். அடிபட்ட விமானத்துக்கு அதன் சொந்தக்காரரே தன் கையால் அடையாளம் வைக்க வேண்டும் என்பது எங்கள் பொம்மை விமானச் சண்டைச் சங்கத்து விதி.

போன வருடம் வரை அந்த அடையாளம் ஓர் அட்டைத் துண்டு. 'தீ' என்று பேனாவால் எழுதியிருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. பஸ் டிக்கெட் மாதிரி இருக்கும்.

என் மருமகள் அதை மாற்றினாள். அவள் வந்து சேர்ந்த வீட்டில் மூட்டை மூட்டையாகத் தலையணைப் பஞ்சு கிடக்கிறது. மாமனார் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பொம்மை விமானங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் பரம்பரையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பஞ்சை நூல் நூலாகப் பிரிப்பாள். மெல்லிய கம்பியைச் சுருட்டி அதன் மேல் சுற்றுவாள். அடியில் ஆரஞ்சு, நடுவில் செம்பழுப்பு, நுனியில் கரி. சாயத்தில் நனைந்தால் பஞ்சு செத்துப்போகும். அதனால் காய்ந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை ஒரு தடவை காட்டினால் புகை அப்படியே உறைந்து நிற்கும். கம்பியின் அடி நுனியை மோதிரமாக வளைத்து விமானத்தின் வால் வழியே மாட்டிவிடலாம். எடையே இருக்காது, தண்டும் சாயாது.

கடலில் விழுந்த குண்டுக்கு, சூடான பசையை மேலே இழுத்து இறுகவிட்டு நீர்த்தெறிப்பு செய்திருக்கிறாள். பார்த்தால் முகத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும்.

இன்று மேசையில் ஐந்து புகைகள் நின்றன. சுற்றி நின்றவர்கள் செல்போனை இறக்கவே இல்லை. புது வீடு கட்டியவன் மாதிரி நான் வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் தலைவர். வேவு பார்க்க வந்திருந்தார். அடுத்த மாதப் போட்டியில் அவருக்கு எதிரே உட்கார எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு நாற்காலி. பல வருடமாக அது என்னுடையது. இந்த வருடம் மருமகளும் பெயர் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு எங்கள் இருவரில் ஜெயிப்பவருக்கு அந்த நாற்காலி.

அவள் பெயர் கொடுத்த அன்று சங்கத்துப் பொருளாளர் சிரித்தார். "புகை போடுறது வேற, சுடுறது வேறம்மா."

அவள் அவருக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் யாரு செஞ்சது முதலாளி?" என்றார் டாக்டர்.

"எதிர்ல உக்காந்திருக்கே, நம்ம மருமக." சொல்லும்போதே என் சட்டை ஒரு சுற்று இறுகியது.

அவள் பகடையை உருட்டினாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு, சாப்பாட்டில் உப்புக் குறைந்துவிட்டதைச் சொல்கிற குரலில் என்னிடம் சொன்னாள்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தக் கடைசிப் பெரிசும் போச்சு."

பெட்டியில் மிச்சமிருந்த ஒரே புகையை எடுத்து, என் கையாலேயே, என் ஆறாவது விமானத்தின் வாலில் மாட்டினேன்.

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஐந்தும் என்னுடையவைதான். அவளுடைய விமானங்கள் கடையிலிருந்து அப்போதுதான் பிரித்தவை மாதிரி பளிச்சென்று நின்றன.

மாமனார் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பொருளாளர் பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்தார். ஒரு தலையணை உறைக்குக்கூடத் தள்ளுபடி தராதவன் நான். தெரிந்த வித்தை எல்லாம் இறக்கினேன். தாழப் பறந்தேன், சுற்றி வந்தேன், மேகத்துக்குள் ஒளிந்தேன். மேகமும் அவள் செய்ததுதான். எங்கே மெல்லிசு என்று அவளுக்குத் தெரியாதா?

டாக்டர் ஒரு புகையைக் கழற்றி, அழகு பார்க்க அவளுடைய விமானம் ஒன்றில் மாட்டினார். நழுவிக் கடலில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து மாட்டினார். அதுவும் விழுந்தது.

என் விமானங்கள் வயிறு பருத்த குண்டுவீச்சு ரகம். அவளுடையவை ஒல்லிக்குச்சிச் சண்டை ரகம். புகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மோதிரங்கள் அத்தனையும் என் விமானங்களின் அளவுக்கு வளைத்தவை.

"உன்னோடதுக்கு எங்கம்மா?"

"அதுக்கு எதுக்கு மாமா?"

எனக்குப் பிறகு கல்லாவில் யார் என்ற கவலை அந்த நொடியோடு தீர்ந்தது.

அவள் நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்ட விமானம் மொத்தம் எத்தனைங்க டாக்டர்? வால் எவ்வளவு தடிமன் இருக்கும்?"

தனக்கு ஒரு பெட்டி பரிசாக வரப்போகிறது என்று நினைத்துவிட்டார் மனிதர். முகமெல்லாம் பல்லாக, இரண்டு விரலால் அளவு காட்டி, எட்டு என்றார்.

என் கணக்கில் விமானம் ஆறு, புகை ஆறு. நேர்.

டாக்டர் கணக்கில் எட்டு பாக்கி.